மோட்டார் அட்டனுவேட்டர்: பவர் 1.5 சதவீதத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது

பச்சைக்கற்றை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொருளின் மேற்பரப்பில் லேசர் சேதம் எந்த ஆற்றலில் தொடங்குகிறது என்று பார்க்கும் சோதனைக்காக மோட்டார் வைத்த அட்டனுவேட்டர் (கற்றையின் பவரைக் குறைக்கும் அமைப்பு) ஒன்று கட்டியிருக்கிறேன். லேசர் 532 நானோமீட்டர், டயோடு பம்ப் செய்த க்யூ-ஸ்விட்ச் வகை (ஒளியைக் குறுகிய பல்ஸ்களாக விடுவது), 20 கிலோஹெர்ட்ஸ், சராசரி 8 வாட். கற்றையின் விட்டம் 2.5 மி.மீ. போலரைசேஷன், அதாவது ஒளி அலை அதிரும் திசை, கிடைமட்டம்.

அமைப்பு வழக்கமானதுதான். லேசரை அடுத்து, சுழலும் வளையத்துக்குள் அரை அலைத் தகடு, போலரைசேஷனின் திசையைத் திருப்புவது அதுதான். வளையத்தை ஸ்டெப்பர் மோட்டார் பெல்ட் மூலம் திருப்புகிறது. மோட்டாரில் 20 பல் புல்லி, வளையத்தில் 100 பல், டிரைவர் ஒரு முழுப்படியை 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிக்கிறது. அதாவது ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு வளையம் 0.0225 டிகிரி நகர வேண்டும். அதன் பிறகு 56 டிகிரியில் சாய்த்து வைத்த மெல்லிய படல போலரைசர்: ஒரு திசைப் போலரைசேஷனை ஊடுருவ விட்டு, அதற்குச் செங்குத்தானதைப் பிரதிபலிக்கும். ஊடுருவி வருவதை வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன், பக்கவாட்டில் பிரதிபலிப்பது வேண்டாத கற்றையை விழுங்கும் பீம் டம்புக்குப் போகிறது.

அதிகபட்சம் 7.7 வாட் வருகிறது, அதில் குறையில்லை. ஆனால் குறைந்தபட்சம் 120 மில்லிவாட்டுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு 20 மில்லிவாட் வரை வேண்டும். இன்னொரு தொல்லை: ஒரே கோணத்துக்கு ஒரு திசையிலிருந்து வந்தால் ஒரு பவர், எதிர்த் திசையிலிருந்து வந்தால் வேறு பவர். நடு அளவுகளில் இது பெரிதாகத் தெரிவதில்லை. கீழே போகப் போக மோசமாகிறது. அளப்பது தெர்மல் ஹெட் (விழும் ஒளி தரும் சூட்டை வைத்து அளப்பது) வைத்த பவர் மீட்டரில்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

நிழல்வரை

பவர் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி. ஹோமிங் செய்யும்போது ஷட்டர் மூடியிருக்கிறதா? அரை அலைத் தகடு ஒரு முழுச் சுற்று சுற்றினால் வெளியே வரும் பவர் நான்கு முறை உச்சத்துக்குப் போய் நான்கு முறை அடிக்கு வரும். மின்சாரம் வந்ததும் உங்கள் நிரல் ஹோம் சென்சாரைத் தேடி வளையத்தைச் சுற்றும். அந்த நேரம் லேசர் எரிந்துகொண்டிருந்தால் 20 மில்லிவாட் எதிர்பார்த்து வைத்த இடத்தில் முழு 7.7 வாட் விழும். அட்டனுவேட்டரை ஷட்டராக நினைக்கவே கூடாது. தனி ஷட்டர், அதுவும் மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வகை, முன்னால் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த டம்ப். நீங்கள் 20 மில்லிவாட்டில் வேலை செய்யும்போது மீதி எட்டு வாட்டும் பக்கவாட்டில்தான் போகிறது. எல்லோரும் வேலைக் கற்றையையே பார்த்துக்கொண்டு ஒதுக்கிய கற்றையை மறந்துவிடுவார்கள். 500 மில்லிவாட்டுக்கு மேல் போனால் வகுப்பு 4. அதன் சிதறல் கூட கண்ணுக்கு ஆகாது.

பச்சைக்கற்றை

ஷட்டர் இருக்கிறது, ஆனால் அது தனி ஸ்விட்சில் இருக்கிறது, மோட்டார் கட்டுப்பாட்டுடன் இணைக்கவில்லை. ஷட்டர் மூடியிருக்கிறது என்ற சிக்னல் வந்தால் மட்டும் ஹோமிங் தொடங்கும்படி மாற்றிவிடுகிறேன். டம்ப் போல்ட் போட்டு இறுக்கியதுதான், அதைச் சுற்றி உறையும் உண்டு.

காலிக்கோப்பை

தெரியாமல் கேட்கிறேன், இவ்வளவு சுற்று எதற்கு? பம்ப் டயோடின் கரண்டைக் குறைத்தால் பவர் தானாகக் குறையுமே. மோட்டார், பெல்ட், போலரைசர் எதுவும் வேண்டாமே.

அலைத்தகடு

பவர் குறையும், ஆனால் கூடவே மற்றதும் மாறும். டயோடின் கரண்ட் மாறினால் அதன் சூடு மாறும். சூடு மாறினால் அலைநீளம் நகரும், 808 நானோமீட்டர் டயோடுகளில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.3 நானோமீட்டர். லேசர் படிகம் உறிஞ்சும் அளவு அதோடு மாறுகிறது. படிகத்துக்குள் உருவாகும் வெப்ப லென்ஸும் மாறுவதால் கற்றையின் அகலமும் விரிவும் முன்போல இருக்காது. க்யூ-ஸ்விட்ச் லேசரில் பம்பைக் குறைத்தால் பல்ஸ் நீளும். பச்சைக்கு மாற்றும் படிகத்தின் திறனோ உச்ச பவரைப் பொறுத்தது, அதுவும் நேர்கோட்டில் குறையாது. சேதத் தொடக்கம் அளப்பவருக்கு ஆற்றலைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது. அதனால்தான் லேசரை அதற்குப் பிடித்த ஒரே நிலையில் ஓடவிட்டு வெளியே குறைக்கிறோம். மரப்பலகையில் எழுத்துப் பொறிக்கும் டயோடு லேசர் என்றால் நீங்கள் சொல்வதே போதும், அட்டனுவேட்டர் வீண் செலவு.

இப்போது பச்சைக்கற்றையின் 120 மில்லிவாட். தம்பி, உங்கள் தகடு பல வரிசை வகையா (அரை அலையோடு பல முழு அலைகளும் சேர்ந்தது), பூஜ்ய வரிசை வகையா (வெறும் அரை அலை மட்டும்)? அதை வளையத்துக்குள் சாய்த்து வைத்திருக்கிறீர்களா?

பச்சைக்கற்றை

பல வரிசைத் தகடு. லேசருக்குள் பின்பிரதிபலிப்பு போகக்கூடாது என்று ஓரத்தில் மெல்லிய ஷிம் வைத்துச் சாய்த்திருக்கிறேன், 5 டிகிரி இருக்கும். இதை எப்படி ஊகித்தீர்கள் அண்ணா?

அலைத்தகடு

எண்களை வைத்துத்தான். உங்கள் போலரைசர் மாதிரியானவற்றுக்குப் பொதுவாகச் சொல்லும் எக்ஸ்டிங்ஷன், அதாவது விட வேண்டியதற்கும் தடுக்க வேண்டியதில் கசிவதற்கும் உள்ள விகிதம், 200-க்கு 1. அதன்படி கசிவு அரை சதவீதம், சுமார் 40 மில்லிவாட். உங்களுக்கு 120 வருகிறது. மிச்சம் 80 வேறெங்கோ இருந்து வருகிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் லேசர் கிடைமட்டம். போலரைசர் பக்கவாட்டில் பிரதிபலிக்கிறது, ஆகவே அது ஊடுருவ விடுவதும் கிடைமட்டத்தைத்தான். தகட்டின் அச்சு 0 டிகிரியில் இருக்கும்போது முழு பவரும் போகும். இருட்டு வேண்டுமானால் தகட்டை 45 டிகிரிக்குக் கொண்டுபோய், அது கிடைமட்டத்தை முழுமையாகச் செங்குத்தாக மாற்றித் தர வேண்டும். அந்த நிலையில் தகடு சரியாக அரை அலை கொடுத்தால்தான் இருட்டு வரும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வெளிவரும் ஒளி நீள்வட்டமாகி, ஒரு பகுதி போலரைசர் வழியே நழுவும். அலைநீளத்தில் முப்பதில் ஒரு பங்கு பிழை இருந்தால் கசிவு ஏறக்குறைய 1 சதவீதம். உங்கள் மிச்சம் 80 மில்லிவாட் அதுதான். பல வரிசைத் தகட்டில் 5 டிகிரி சாய்வே அந்தப் பிழையில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும், அறைச் சூட்டுக்கும் அது நகரும்.

இப்போது அமைப்பைத் திருப்பிப் போடுங்கள். போலரைசர் ஊடுருவ விடும் திசை லேசரின் போலரைசேஷனுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். அப்போது தகட்டின் அச்சு லேசரின் போலரைசேஷனோடு ஒட்டி நிற்கும்போதுதான் இருட்டு. அச்சோடு ஒட்டிய ஒளியைத் தகடு மாற்றுவதே இல்லை. அது அரை அலையா, முப்பதில் ஒரு பங்கு பிசகா, சூடு ஏறியதா, எதுவும் அங்கே எடுபடாது. தகட்டின் பிழை முழுவதும் உச்சத்துக்கு இடம் மாறிவிடும். உச்சத்தில் 1 சதவீதம் குறைந்தால் யாருக்கு நஷ்டம்? அடியில் 1 சதவீதம் கூடினால்தானே உங்கள் சோதனை கெடுகிறது.

போலரைசரை அதன் சாய்வை மாற்றாமல் கற்றை அச்சைச் சுற்றி 90 டிகிரி திருப்பினால் போதும். ஒதுக்கும் கற்றை இனி கீழ்நோக்கிப் போகும்படி வையுங்கள், மேல்நோக்கி வேண்டவே வேண்டாம். முன்னோக்கிய திசையிலிருந்து 68 டிகிரி கீழே திரும்பும், டம்பை அங்கே வையுங்கள்.

நிழல்வரை

திருப்பும்போது லேசரை அணைத்துவிட்டுத் திருப்புங்கள். சரி பார்ப்பது குறைந்த பவரில். விகிதம் பார்க்கத்தானே, அதற்கு முழு பவர் தேவையில்லை.

ஸ்டெப்பர்ராஜா

திசைச் சிக்கலுக்கு நான் வருகிறேன். இரண்டு திசையிலும் வந்தால் கோணத்தில் எவ்வளவு வித்தியாசம் தெரிகிறது? உங்கள் நிரல் ஒவ்வொரு நகர்வுக்கும் பிறகு மோட்டாரை அணைக்கிறதா?

பச்சைக்கற்றை

ஒரே பவர் வரும் இடங்களை ஒப்பிட்டால் சுமார் 0.3 டிகிரி. ஆமாம், மோட்டார் சூடாகிறது என்று நகர்வு முடிந்ததும் டிரைவரை அணைத்துவிடுகிறது.

ஸ்டெப்பர்ராஜா

அப்போது இரண்டு விஷயம் கலந்து தெரிகிறது. ஒன்று பெல்ட்டின் தொய்வும் புல்லிப் பல்லின் இடைவெளியும். இன்னொன்று, மின்சாரம் நின்றதும் மோட்டாரின் சுழலி தன் இயல்பான முழுப்படி நிலைக்கு நழுவும். 1.8 டிகிரி மோட்டாரில், 5-க்கு 1 குறைப்புக்குப் பிறகு ஒரு முழுப்படி என்பது வளையத்தில் 0.36 டிகிரி. ஆகவே அணைத்தவுடன் வளையம் 0.18 டிகிரி வரை எந்தப் பக்கமும் நகரலாம். 0.0225 டிகிரி என்று கணக்குப் போட்டு வைத்திருப்பதெல்லாம் அங்கேயே போய்விட்டது. அணைக்காதீர்கள். நிற்கும்போது கொடுக்கும் கரண்டை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். இந்த வளையத்தைப் பிடித்து நிறுத்த அதற்கு மேல் தேவைப்படாது, சூடும் அடங்கும்.

தொய்வுக்கு வழக்கமான வைத்தியம்: எப்போதும் ஒரே திசையில் வந்து நில்லுங்கள். எதிர்த் திசையில் போக வேண்டியிருந்தால் இலக்கைத் தாண்டி 1 டிகிரி போய்விட்டு, திரும்பி வந்து நிற்கட்டும். இதை நிரலில் ஒரே ஒரு இடத்தில், நகர்த்தும் செயல்பாட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வெளியே எழுதினால் எங்காவது விட்டுப்போகும்.

கீழே போகப் போக மோசமாவது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுவில், அதாவது 22.5 டிகிரியில், ஒரு டிகிரிக்கு முழு பவரில் 3.5 சதவீதம் மாறும். 0.3 டிகிரி பிசகினால் 80 மில்லிவாட். 3.8 வாட்டில் அது 2 சதவீதம், கண்ணில் படாது. இருட்டுப் பக்கம் 20 மில்லிவாட் நிலையில் ஒரு டிகிரிக்கு சுமார் 27 மில்லிவாட் மாறும். அதே 0.3 டிகிரிக்கு 8 மில்லிவாட், 20-இல் ஐந்தில் இரண்டு பங்கு. மெஷின் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் பிசகுகிறது, ஒளிதான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

நிழல்வரை

தாண்டிப் போய்த் திரும்புவதில் ஒரு எச்சரிக்கை. தாண்டுவது எப்போதும் பவர் குறையும் பக்கமாக இருக்கட்டும். கூடும் பக்கம் தாண்டினால் ஷட்டர் திறந்திருக்கும்போது மாதிரி மேல் ஒரு கணம் அதிக பவர் விழும். சேதத் தொடக்கம் அளக்கிற சோதனையில் அது முடிவையே மாற்றிவிடும். அதைவிட நல்லது, நகரும்போதெல்லாம் ஷட்டரை மூடிவிடுவது.

ஒளியிழை27

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர், குறியிடும் மெஷினிலிருந்து எடுத்தது. இதே அமைப்பைக் கட்டினேன். தகட்டை எவ்வளவு திருப்பினாலும் 45 சதவீதத்துக்கும் 55 சதவீதத்துக்கும் நடுவிலேயே ஊசலாடுகிறது. தகடு கெட்டதா?

அலைத்தகடு

தகடு நன்றாக இருக்கிறது, உங்கள் லேசருக்குத்தான் நிலையான போலரைசேஷன் இல்லை. குறியிடும் மெஷின்களில் வரும் பல ஃபைபர் லேசர்கள் அப்படித்தான். போலரைசேஷன் இல்லாத ஒளியைத் தகடு எப்படித் திருப்பினாலும் போலரைசர் பாதியைத்தான் விடும். அந்த 5 சதவீத ஊசலாட்டம் மிச்சமிருக்கும் கொஞ்சப் போலரைசேஷன். ஃபைபரைத் தொட்டுப் பார்த்தால் அதுவும் நகரும். முன்னால் ஒரு போலரைசர் வைத்துப் பாதியை இழக்கத் தயார் என்றால் இந்த முறையே வேலை செய்யும். ஆனால் அந்த லேசரில் போலரைசேஷன் மெல்ல மெல்ல அலைவதால் பவரும் கூடவே அலையும். உங்களுக்குப் பொருத்தமானது வேறு வகை: பூச்சுப் போட்ட இரண்டு தகடுகள், சாய்வுக் கோணம் மாற மாற ஊடுருவல் மாறும். இரண்டையும் எதிரெதிராகச் சாய்ப்பதால் கற்றை இடம் மாறாது. மோட்டார் வைத்தும் கிடைக்கிறது.

ஒளியிழை27

அந்த வார்த்தை போதும், நன்றி. தனி இழையில் கேட்கிறேன்.

காலிக்கோப்பை

மெல்லிய படல போலரைசருக்குப் பதில் கியூப் (கனசதுர வடிவ போலரைசர்) போட்டால் 1000-க்கு 1 கிடைக்குமே? பச்சைக்கற்றை ஏன் அதை எடுக்கவில்லை?

அலைத்தகடு

ஊடுருவும் பக்கத்தில் கிடைக்கும். பிரதிபலிக்கும் பக்கம் அவ்வளவு சுத்தமில்லை, ஆகவே அந்தப் பக்கத்தை வேலைக்கு எடுக்கக்கூடாது. சாதாரண கியூபில் இரண்டு முப்பட்டகங்களை ஒட்டியிருப்பது பசை. நானோசெகண்ட் பல்ஸுக்கு முதலில் போவது அந்தப் பசைதான். பச்சைக்கற்றையின் பல்ஸ் 0.4 மில்லிஜூல், 2.5 மி.மீ. கற்றை, அடர்த்தி குறைவு. இப்போதைக்குத் தாங்கலாம். நாளைக்கு லேசரை மாற்றினால் கியூபும் மாற வேண்டும். பசையில்லாமல் நேரடியாக ஒட்டிய கியூப்கள் உண்டு, அவை பரவாயில்லை. நான் இன்னொரு மெல்லிய படல போலரைசரையே சேர்க்கச் சொல்வேன், காரணம் கீழே வரும்.

பச்சைக்கற்றை

முடிவுகள். போலரைசரைத் திருப்பிக் கீழ்நோக்கி டம்ப் வைத்தேன். முதலில் தகட்டைக் கழற்றிவிட்டு அளந்தேன்: 40 மில்லிவாட். தகட்டைப் போட்டு இருட்டுக் கோணத்தைத் தேடினேன்: 41. அந்த 80 மில்லிவாட் சொன்னபடியே காணாமல் போய்விட்டது. உச்சம் 7.6 வாட். மோட்டாரை அணைக்காமல் ஒரே திசையில் வந்து நின்றால் ஒரே அளவு வருகிறது.

ஒரு சந்தேகம். இருட்டுக் கோணம் சரியாக எங்கே என்று பிடிக்க முடியவில்லை. அரை டிகிரி இப்படி அப்படிப் போனாலும் மீட்டர் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது.

அலைத்தகடு

அங்கே வளைவு தட்டையாக இருக்கும், அடியை நேரடியாகத் தேடினால் கிடைக்காது. இரண்டு பக்கமும் சரிவில் ஒரே பவர் வரும் இரண்டு கோணங்களைக் கண்டுபிடியுங்கள், உதாரணமாக இரண்டு பக்கமும் 1 வாட். அவற்றின் நடுக்கோணம்தான் இருட்டு. சரிவில் ஊசி துள்ளுவதால் துல்லியமாகப் பிடிக்கலாம். இரண்டு புள்ளிக்கும் ஒரே திசையில் வந்து நிற்க வேண்டும், மறக்காதீர்கள். இந்தக் கோணத்தை ஹோம் சென்சாரிலிருந்து எத்தனை படி என்று எழுதி வையுங்கள். ஹோம் சென்சாரின் பூஜ்யமும் ஒளியின் பூஜ்யமும் ஒன்றல்ல.

நான்கு உச்சத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். நான்கும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக, எதிரே ஒன்று குறைவாக இருந்தால் தகடு சாய்ந்திருக்கிறது, அல்லது அதில் ஆப்பு வடிவம் இருந்து கற்றை மீட்டரின் ஓரத்துக்கு நகர்கிறது. அந்த ஷிம்மை எடுத்துவிடுங்கள். வளையத்துக்குள் சாய்ந்த தகட்டின் பின்பிரதிபலிப்பு, வளையம் சுற்றச் சுற்ற லேசரின் முகப்பைச் சுற்றி ஒரு வட்டம் போடும். வளையம் முழுவதையும் 1 டிகிரி திருப்பி வைத்தால் பின்பிரதிபலிப்பு 2 டிகிரி விலகி ஒரே இடத்தில் நிற்கும். 30 செ.மீ. தூரத்தில் அது 1 செ.மீ. தள்ளி விழும், அங்கே ஒரு கறுப்புத் தகடு வைத்தால் வேலை முடிந்தது.

இன்னும் 40 மில்லிவாட் குறைய வேண்டுமானால் இரண்டாவது போலரைசர். அதை முதலாவதற்கு எதிர்ப்பக்கம் சாய்த்து வையுங்கள். 3 மி.மீ. தடிமன் தகடு 56 டிகிரியில் கற்றையை சுமார் 1.4 மி.மீ. இடம் பெயர்க்கும். எதிராகச் சாய்ந்த இரண்டாவது அதை அப்படியே திருப்பித் தரும். இரண்டாவதன் ஒதுக்கலுக்கும் தனி டம்ப் வேண்டும், அது மேல்நோக்கி வரும் என்பதால் மூடி போட்டு அடையுங்கள்.

ஸ்டெப்பர்ராஜா

கேலிப்ரேஷனுக்கு என் வழி: நிரலில் ஒரு அட்டவணை. நடுவில் ஒரு டிகிரிக்கு ஒரு புள்ளி, இருட்டுப் பக்கம் 0.1 டிகிரிக்கு ஒரு புள்ளி. வேண்டிய பவரைக் கொடுத்தால் இடையில் நேர்கோடு போட்டுக் கோணம் எடுக்கும். எளிது, சூத்திரம் எதுவும் வேண்டாம்.

அலைத்தகடு

இதில் ராஜாவோடு எனக்குப் பழைய சண்டை. ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்பது நமக்குத் தெரியும்: அடிப் பவர், அதற்கு மேல் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை இரட்டைக் கோணத்தின் சைன் வர்க்கத்தால் பெருக்கியது. மூன்றே எண்கள்: உச்சம், அடி, இருட்டுக் கோணம். அளந்த புள்ளிகளை அந்த வளைவில் பொருத்தினால் மீட்டரின் நடுக்கம் சராசரியாகிவிடும். அட்டவணை போட்டால் ஒவ்வொரு புள்ளியின் நடுக்கமும் அப்படியே நிரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு லேசர் 3 சதவீதம் குறைந்தால் நான் ஒரு எண்ணைத் திருத்துவேன், நீங்கள் முழு அட்டவணையையும் எடுக்க வேண்டும். வளைவிலிருந்து புள்ளிகள் ஒழுங்காக விலகினால், ஏதோ சரியில்லை என்று அதுவே சொல்லும். அட்டவணை எதையும் சொல்லாது, எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும்.

எந்த வழியானாலும் தெர்மல் ஹெட் நிதானமாக ஆகும் வரை ஒவ்வொரு புள்ளியிலும் காத்திருங்கள். 10 வாட் ஹெட்டில் சில மில்லிவாட்டைப் படிப்பது நம்பிக்கைக்குரியதல்ல, கை பக்கத்தில் போனாலே அசையும். அடிப் பக்கத்துக்கு ஃபோட்டோடயோடு ஹெட் எடுங்கள்.

பச்சைக்கற்றை

இரண்டாவது போலரைசர் வந்துவிட்டது. உச்சம் 7.4 வாட், அடி 6 மில்லிவாட். 20 மில்லிவாட் வேலைக்கு இதுவே நடக்கும். நான்கு உச்சமும் ஒரு சதவீதத்துக்குள் சமம்.

அடுத்து பவரைத் தானாகப் பிடித்து நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். கற்றையில் கொஞ்சத்தை எடுத்து ஃபோட்டோடயோடில் படித்து, அதை வைத்து மோட்டாரைத் திருத்துவது. யாராவது செய்திருக்கிறீர்களா?

நிழல்வரை

செய்யலாம், ஆனால் இது கடிக்கும் பாம்பு. எங்கே கடிக்கும் என்று சொல்கிறேன்.

முதலில், மாதிரி எடுக்கும் கண்ணாடியைப் போலரைசருக்குப் பிறகு வையுங்கள். பூச்சில்லாத கண்ணாடி எவ்வளவு பிரதிபலிக்கும் என்பது போலரைசேஷனைப் பொறுத்தது. தகட்டுக்கும் போலரைசருக்கும் நடுவில் வைத்தால் தகடு திரும்பத் திரும்ப அந்த விகிதமே மாறும். போலரைசருக்குப் பிறகு போலரைசேஷன் நிலையாக இருக்கும்.

அடுத்து குறி. இருட்டுக்கு ஒரு பக்கம் கோணம் கூடினால் பவர் கூடும், மறுபக்கம் கோணம் கூடினால் பவர் குறையும். கட்டுப்பாடு 20 மில்லிவாட்டைப் பிடிக்கப் போய் இருட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது என்று வையுங்கள். இப்போது பவர் அதிகம் என்று நினைத்து அது திருத்தும் ஒவ்வொரு அடியும் பவரைக் கூட்டும். கூடக் கூட இன்னும் அதே திசையில் ஓடும், உச்சம் வரை. ஆகவே கோணத்துக்கு இறுக்கமான எல்லை: இருட்டிலிருந்து 45 டிகிரி வரையிலான ஒரு பக்கம் மட்டும், தாண்டினால் ஷட்டர் மூட வேண்டும். கோணத்தை நேரடியாகத் திருத்தாதீர்கள். வேண்டிய பவரை ஒரு திருத்தக் காரணியால் பெருக்கி, சூத்திரம் வழியாகக் கோணம் எடுங்கள். அப்போது சரிவு எல்லா இடத்திலும் ஒன்றாகத் தெரியும், அடியில் மந்தமாகவும் நடுவில் துடிப்பாகவும் நடந்துகொள்ளாது.

மூன்றாவதுதான் மோசம். ஃபோட்டோடயோடின் கேபிள் கழன்றால் அது பூஜ்யம் படிக்கும். கட்டுப்பாடு பவர் போதவில்லை என்று முடிவு செய்து முழுவதும் திறந்துவிடும். சூத்திரம் எதிர்பார்க்கும் அளவுக்கும் ஃபோட்டோடயோடு படிப்பதற்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் திருத்துவதை விட்டு ஷட்டரை மூடும்படி எழுதுங்கள். திருத்தக் காரணிக்கும் மேல் கீழ் எல்லை வேண்டும்.

ஸ்டெப்பர்ராஜா

இதோடு ஒன்று. பல்ஸுக்குப் பல்ஸ் இருக்கும் நடுக்கத்தை ஸ்டெப்பர் திருத்த முடியாது, முயலவும் கூடாது. அது அரை மணி நேரத்தில் மெல்ல நகர்வதை மட்டும் பிடிக்கட்டும். பல நொடி சராசரி எடுத்து, 1 சதவீதத்துக்குள் இருந்தால் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெல்ட்டின் தொய்வுக்குள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்றாம்கண்

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு கேள்வி. அந்த மிச்சம் 6 மில்லிவாட் பச்சைதானா? டயோடு பம்ப் பச்சை லேசரில் 1064 நானோமீட்டரிலிருந்துதான் 532 வருகிறது. மாறாமல் மிஞ்சிய அகச்சிவப்பை உள்ளேயே வடிகட்டியிருப்பார்கள், ஆனால் கொஞ்சம் தப்பும். 532-க்குப் பூச்சுப் போட்ட உங்கள் போலரைசருக்கு 1064 பற்றிக் கவலையில்லை, தகட்டை எப்படித் திருப்பினாலும் அது குறையாது. தெர்மல் ஹெட்டுக்கு நிறம் தெரியாது, விழுந்ததை எல்லாம் கூட்டிச் சொல்லும். பச்சையைத் தடுத்து 1064-ஐ விடும் வடிகட்டி ஒன்றை மீட்டர் முன் வைத்துப் பாருங்கள்.

பச்சைக்கற்றை

வைத்தேன். 4 மில்லிவாட்டுக்கு மேல் அகச்சிவப்பு. தகட்டைச் சுற்றினாலும் அசையவில்லை. அகச்சிவப்பை விட்டுப் பச்சையை மட்டும் திருப்பும் டைக்ரோயிக் கண்ணாடி இரண்டை அட்டனுவேட்டருக்கு முன் சேர்த்தேன். இப்போது அடி 1.5 மில்லிவாட், ஃபோட்டோடயோடு ஹெட்டில் அளந்தது.

அலைத்தகடு

அருமை, மூன்றாம்கண். எனக்கு இது தோன்றவில்லை. தம்பி, அந்தக் கண்ணாடிகள் கற்றையை ஒரே தளத்தில் திருப்புகின்றனவா என்று பாருங்கள். போலரைசேஷன் அந்தத் தளத்திலோ அதற்குச் செங்குத்தாகவோ இருந்தால் தொல்லையில்லை. சாய்வாக விழுந்தால் நீள்வட்டமாகி அடி மறுபடி ஏறும். 1.5 வருகிறது என்றால் சரியாகத்தான் இருக்கிறது.

நிழல்வரை

கண்ணாடியும் மாற்றுங்கள், மூக்கில் போடுவதைச் சொல்கிறேன். 532-க்கு மட்டும் ஓடி (OD, எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) எழுதியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி 1064-ஐ அப்படியே விட்டுவிடலாம். இரண்டு அலைநீளத்துக்கும் சட்டத்தில் எண் அச்சிட்டிருக்க வேண்டும். டைக்ரோயிக் வழியே பின்னால் போகும் அந்த அகச்சிவப்புக்கும் ஒரு டம்ப்.

பச்சைக்கற்றை

பின்பக்கம் டம்ப் போட்டாயிற்று. கண்ணாடியின் சட்டத்தைப் பார்த்தேன், 532 மட்டும்தான் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்ந்தது வரும் வரை லேசர் அணைந்தே இருக்கும். அதற்குள் நிரலை முடித்துவிடுகிறேன்: ஷட்டர் சிக்னல் இல்லாமல் ஹோமிங் கிடையாது, ஒரே திசை வருகை, கோண எல்லை, ஃபோட்டோடயோடு ஒப்பீடு. தானியங்கித் திருத்தம் இப்போதைக்கு அணைத்தே வைக்கிறேன், முதல் சோதனைக்கு அது தேவைப்படாது.

ஸ்டெப்பர்ராஜா

நிரல் முடிந்ததும் இங்கேயே போடுங்கள். அட்டவணை வைத்த வடிவம் ஒன்றை நான் தருகிறேன், யாருடையது 20 மில்லிவாட்டைச் சரியாகப் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அலைத்தகடு

வரட்டும் ராஜா. லேசர் சூடேறும் முதல் அரை மணி நேரத்திலும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம்.